மணி அடிக்காத மத்தியானம்

இன்று காலை அலமாரியை ஒதுங்கவைக்கும்போது அந்தத் தடித்த கேபிள் கையில் வந்தது. ஒரு முனையில் நீ ஒட்டிய பிளாஸ்திரி. அதில் உன் கையெழுத்தில், மலையாளத்தில், ‘ரூட்டர்’. நீ இறந்துபோன பிறகு உன் எழுத்தை இப்போதுதான் பார்க்கிறேன். அழுகைக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது.

பல வருஷத்துக்கு முன், கொச்சி மட்டாஞ்சேரியில் அந்த மிளகு ஏற்றுமதி அலுவலகம். புதிதாக வந்த ஐ.எஸ்.டி.என். லைனின் அடாப்டர் பெட்டியை இந்தக் கேபிளால் ரூட்டருடன் இணைக்க நாம் இருவரும் போயிருந்தோம். ஒரே லைனில் இரண்டு தடங்கள்: ஒன்று கணினிக்கு, மற்றது தொலைபேசிக்கு. “எடா, ரெண்டையும் சேத்து கம்ப்யூட்டருக்கே விடலாம், இன்டர்நெட் பறக்கும் பாரு” என்றாய். விட்டோம், பறந்தது. நானும் கை தட்டினேன். போன் வந்தால் ஒரு தடத்தை விட்டுக்கொடுக்கும்படி பெட்டியில் அமைக்க இருவருக்குமே தோன்றவில்லை.

கணக்கர் சிவன் சேட்டன், நம்மைப் போலவே தமிழ்க் குடும்பம், அந்தப் போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நமக்குச் சாயா வரவழைத்தார். “இன்னிக்கி போன் தொல்லையே இல்ல கேட்டோ, என்னா சமாதானம்!” என்று சிரித்தார்.

சாயங்காலம் அவருடைய தம்பி ஆட்டோவில் வந்து இறங்கினான்.

“ஆஸ்பத்திரிலேருந்து மத்தியானம் முழுக்க போன்ல விளிச்சேன் சேட்டா, எப்பவும் எங்கேஜ்டு. அப்பா உங்களக் கேட்டுக்கிட்டே போயிட்டாரு.”

நீ என்னைப் பார்த்தாய். நான் பெட்டியில், தடத்துக்கு ஒன்றாக எரியும் இரண்டு விளக்குகளைப் பார்த்தேன்.

காரியங்கள் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனோம். “லைன் கெட்டதில்ல சேட்டா. நான் செஞ்ச வேலை அது” என்றாய். “நாங்க ரெண்டு பேரும்” என்றேன். பாதிக் குரல்தான் வந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை. தரையைப் பார்த்தபடி சொன்னார்:

“இனி அப்பா விளிக்க மாட்டாரு. வேற யாராச்சும் விளிச்சா கிடைக்கணும். அத சரி பண்ணுங்க மக்களே.”

நேரே அலுவலகம் போய்ச் சரிசெய்தோம். நீ எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து விளித்தாய். மணி அடித்தது. எடுத்தேன். “கேக்குதா?” என்றாய். கேட்டது. போனை வைக்க இருவருக்கும் மனமில்லை.

பிறகு அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. சிவன் சேட்டன் வழியில் எதிர்ப்பட்டால் இருவரும் சேர்ந்து தலை குனிவோம். இனி நான் மட்டும்.

இப்போது எனக்குக் காக்கநாட்டில் வேலை. எந்த அலுவலகத்தில் இணைப்பு வேலை முடித்தாலும் வெளியே வந்து, அவர்களின் எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பார்க்கிறேன். யாராவது எடுத்து ஹலோ சொல்லும்வரை எனக்கு உள்ளே திரும்பிப் போக முகமில்லை.