இருபத்தொரு டிகிரி

ஜேடர்பாளையம்
12.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அமுதவல்லி எழுதுவது. எனக்கு இங்கே குறையில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு அலையும் உங்களுக்கு வேளைக்குச் சோறு கிடைக்கிறதா? புருஷனும் பெண்டாட்டியும் போனில் பேசினால் இரண்டாம் நிமிடமே சண்டை மூள்கிறது. அதனால்தான் உங்கள் வண்டிக்கு உதிரிபாகம் ஏற்றிவரும் லாரியில் கடிதம்.

பள்ளியில் சூரியக் கடிகாரம் வைக்கப்போகிறேன். பலகைபோல ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் வடக்கு நோக்கி ஒரு முக்கோணத் தகடு. அதன் நிழல் விழும் கோடுதான் மணி. முக்கோணத்தின் சாய்வு அந்தந்த ஊரின் அட்சரேகை. நமக்குப் பதினொரு டிகிரி. கோடு போடும் கணக்கு தனித்தாளில் இருக்கிறது. திருச்செங்கோட்டில் லேத் பட்டறைக்குப் பஞ்சமா என்பீர்கள். உங்கள் கைவேலை வேண்டும், அவ்வளவுதான்.

அமுதவல்லி


ராய்ப்பூர்
20.2.2025

அமுதாவுக்கு,

கடிகாரத்தைச் சாக்கில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். கம்ப்ரசர் பழுதாகி வண்டி நின்ற நாளில் வெட்டினேன். கணக்கை நாலு தடவை போட்டுப் பார்த்தேன். பிரித்ததும் சாய்வை அளந்து பார்.

சென்னியப்பன்


ஜேடர்பாளையம்
9.3.2025

அன்புள்ள மாமா,

நாலு தடவை போட்ட லட்சணம் இதுதானா? பதினொன்று கேட்டேன், இருபத்தொன்றில் வெட்டியிருக்கிறீர்கள். கோடுகளும் அதற்கேதான். உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று பயந்துபோனேன்.

பரவாயில்லை. பீடத்தின் தெற்குப் பக்கத்தைப் பத்து டிகிரி தூக்கிக்கட்டி, சிமெண்டு பூசிவிட்டேன். இப்போது சரியாகக் காட்டுகிறது. சுவர்க் கடிகாரத்துக்குக் கிட்டத்தட்ட அரை மணி பின்னால்தான். இந்திய நேரத்தைக் கணக்கிடும் கோட்டுக்கு நம் ஊர் மேற்கே தள்ளி இருக்கிறது, மாதத்துக்கு மாதமும் கொஞ்சம் மாறும். “ஏனுங் டீச்சர், சூரியனுக்கே லேட்டாயிருச்சுங்களா?” என்கிறாள் அபிநயா.

மழைக்காலத்தில் ரிக் ஆட்கள் எல்லாரும் ஊர் திரும்புகிறார்கள். மூன்று வருடமாக நீங்கள் மட்டும் இல்லை. “இனி இந்த ஊட்டுப் படி ஏறாதீங்க” என்று கோபத்தில் சொன்னேன்தான். உப்பு வாங்கிவரச் சொன்னால் கேட்காத மனிதர், இதை மட்டும் ஏன் கேட்டீர்கள்? வந்து கடிகாரத்தைப் பாருங்கள்.

அமுதா


ராய்ப்பூர்
25.3.2025

அமுதா,

கணக்குத் தப்பவில்லை. இருபத்தொன்று இந்த ஊரின் சாய்வு. அங்கே சரியான மணி காட்டாது, இதை எங்கே வைப்பது என்று நீ கேட்பாய் என எதிர்பார்த்தேன். இங்கே வாசலில் வைக்கலாம், எடுத்துக்கொண்டு வா என்று எழுத நினைத்திருந்தேன். அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வரச்சொல்லி உன்னை அதட்டியது என் தப்பு. அதன்பிறகு உன்னைக் கூப்பிட வாய் வரவில்லை.

நீ தெற்கே தூக்கிக்கட்டிச் சரிசெய்துவிட்டாய். கெட்டிக்காரி. எனக்குத்தான் இங்கே வாசல் வெறிச்சென்று கிடக்கிறது.

சென்னியப்பன்


ஜேடர்பாளையம்
2.4.2025

மாமா,

உங்கள் கடிதத்தைப் பள்ளியில் வைத்துப் படித்துவிட்டு, தலைமையாசிரியர் முன்னாலேயே அழுதேன். கூப்பிட்டால் வரமாட்டேன் என்று யார் சொன்னது உங்களுக்கு?

கடிகாரத்தைப் பெயர்க்க மாட்டேன், அது பிள்ளைகளுடையது. வேலையையும் விட மாட்டேன். ஆனால் கோடை விடுமுறை முழுக்க உங்களோடு இருப்பேன். மழை பிடித்ததும் நீங்கள் இங்கே வரவேண்டும். மே இரண்டாம் தேதி ரயில் ஏறுகிறேன்.

பதில் எழுதவேண்டாம். ஸ்டேஷனுக்கு வந்து நில்லுங்கள்.

உங்கள்
அமுதா