காதை நம்பி ஓட்டிய வண்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதிய கையோடு கோபமாக இருக்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், நடுவில் அம்மா போனைப் பிடுங்கி உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்பாள், அதனால்தான் கடிதம். என் கார் சாவியை வாங்கி வைக்கும்படி உன் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தது நீதானாமே. நேற்று வந்தான், வெயிலைப் பற்றிப் பேசினான், தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினான், ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் கையை நீட்டினான். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கண் டாக்டர் சொன்னதை ஒன்றுக்கு இரண்டாக்கி உன் காதில் ஓதியிருக்கிறான். ஓரப் பார்வை சுருங்கிவிட்டது, இனிமேல் ஓட்டாதீர்கள் என்று அவர் சொன்னது உண்மைதான், நான் மறைக்கவில்லை. ஆனால் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் படித்தேனே, அதை அவன் சொன்னானா? சொல்லியிருக்கமாட்டான்.

காப்பீட்டுக் கம்பெனிக்காக இடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டக் கணக்கு எழுதியே உங்கள் இருவரையும் வளர்த்தவன் நான். உரசிய பெயின்டைப் பார்த்தால் போதும், யார் யார்மேல் ஏறினார்கள் என்று சொல்லிவிடுவேன். என்னிடம் வண்டியைப் பற்றிப் பேச உன் அண்ணனுக்கு என்ன தகுதி? மோரிஸ் மைனரையும் பழைய ஃபோக்ஸ்வாகனையும் அருகருகே நிறுத்தினால் எது எதுவென்று தடுமாறுகிறவன். சின்ன வயதில் நீ வண்டுக் கார் என்று கூப்பிடுவாயே, எஞ்சினை முதுகில் சுமந்துகொண்டு தையல் மெஷின் சத்தத்தோடு வரும், அதுதான் ஃபோக்ஸ்வாகன். மைனர் அப்படி இல்லை, கியர் மாற்றும்போது தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் பெரிய மனிதர் அது. விசித்திரமான வண்டிகளும் எத்தனையோ என் கையில் வந்திருக்கின்றன. ஒன்றுக்கு நெற்றி நடுவில் மூன்றாவது விளக்கு, ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதுவும் திரும்பித் திருட்டு முழி முழிக்கும். இன்னொன்று முட்டை மாதிரி, முகம்தான் அதற்குக் கதவு. அதன் சொந்தக்காரர் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டார், பின்னால் எடுக்கக் கியர் விழவில்லை, கதவைத் திறக்கவும் வழியில்லை, நாங்கள் போய்த் தள்ளும்வரை உள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நஷ்டம் அவர் மானத்துக்கு மட்டும்தான். இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் எனக்கென்று வாங்கியது யாருமே திரும்பிப் பார்க்காத நம் சாம்பல் நிற வண்டியை. கிளம்பு என்றால் கிளம்பும், நில் என்றால் நிற்கும், வேறென்ன வேண்டும்? எனக்குக் காது இருக்கிறது. முன்னறை ஜன்னலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் தெருமுனையில் திரும்பும் வண்டி எதுவென்று இப்போதும் சொல்லுவேன், அம்மாவைக் கேட்டுப் பார். ஓரத்தில் கண் விடுவதைக் காது பிடித்துக்கொள்ளும். ஆகையால் சாவி பேச்சை இத்தோடு விடு.

மேலே உள்ளதெல்லாம் போன வாரம் எழுதியது. கிழித்துப் போடக் கை வரவில்லை. படி, உன் அப்பா எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள். செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மருந்துக்கடைக்கு எதிரே சிக்னல் இல்லாத அந்தக் குறுக்குத் தெருவில் முறையாக நிறுத்தி, ஜன்னலை இறக்கிக் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு லாரி போனது, கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. தெரு காலி என்று காது சொன்னதை நம்பி வண்டியை எடுத்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்த பிடியில் காலை பிரேக்கில் வைத்தேன், வைத்த பிறகுதான் பார்த்தேன், அவள் பக்கத்துக் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு நீல நிறக் கார் நின்றுகொண்டிருந்தது. பேட்டரியில் ஓடுகிற புது மாதிரி, துளி சத்தம் கிடையாது. ஓட்டி வந்த பெண் திட்டக்கூட இல்லை, இரண்டு கையாலும் பிடித்த ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கக் கதவு உள்ளே மடங்கி வந்த வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் மகளே. அவற்றில் அந்த சீட்டை மட்டும் பார்க்காமல் கணக்கு எழுதப் பழகியவன் நான்.

உன் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரிடம் பல்லைக் காட்டினாள், வீட்டுக்கு வந்தாள், சமைத்தாள். அண்ணன் போன் செய்தபோதும் மூச்சு விடவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். வெள்ளிக்கிழமை மறுபடி பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. வெட்கம்கெட்டவன், அப்போதும் சாவியை எடுத்தேன், மெதுவாக ஓட்டினால் போயிற்று என்று. அவள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தாள், பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், உங்களைப் பெறுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோதுகூட. என்ன இது, என்னை டாக்சிக்காரன் ஆக்கிவிட்டாயா என்று கேலியாகக் கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள், "ஓட்ட வேண்டாம்னு நான் சொல்லமாட்டேங்க. நீங்க எங்க கூப்பிட்டாலும் வர்றேன். முன்னாடி மட்டும் உக்கார முடியல."

நான் வண்டியை ஸ்டார்ட் செய்யவே இல்லை. இருவரும் இறங்கி வாடகைக் காரில் போனோம், அதன் டிரைவர் கிளட்சைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டியதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சாவியை உன் அண்ணனைக் கூப்பிட்டு நானே கொடுத்தேன். ஜெயித்தவன் மாதிரி சிரித்திருந்தால் திரும்பப் பிடுங்கியிருப்பேன், அவன் கண் கலங்கியது, அதனால் பிழைத்தான். உன்மேல் இருந்த கோபமும் அத்தோடு போய்விட்டது.

உன் வண்டியின் டயரில் காற்றுப் பார்த்து எத்தனை நாளாயிற்று? பார். மழையில் வேகம் வேண்டாம், குட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காராதே, மாப்பிள்ளை கோபித்தாலும் சரி. மூவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு. முக்கியமான ஒன்று, நம் வண்டியை விற்கச் சொல்லி அண்ணனுக்கு யோசனை சொல்லிவிடாதே. நீ வரும்போது நீதான் அதை ஓட்ட வேண்டும். அம்மா உன் பக்கத்தில் பயமில்லாமல் உட்காரட்டும், நான் குட்டியோடு பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா