காற்றின் மேல் போட்ட பழி

செவ்வாய், மே 12

சலவைக்கூட வேலை முடிந்து நேரே துப்பாக்கிச் சுடுதளத்துக்குப் போனேன். இன்றும் என் குண்டுகள் எல்லாம் இலக்கின் கீழ்ப்பக்கமே விழுந்தன. முந்நூறு மீற்றர் தூரத்தில் காற்று இழுக்கிறது என்று மச்சாள் ஆரணியிடம் சொன்னேன். சனிக்கிழமைப் போட்டிக்கு எங்கள் அணியில் ஓர் இடம்தான் மிச்சம்.

அவள் தோட்டாக்கள் அடுக்கிய என் மகசினை வாங்கி, எனக்குத் தெரியாமல் நடுவில் மருந்தில்லாத ஒரு போலித் தோட்டாவை வைத்துத் தந்தாள். மூன்றாவது தடவை விசையை அழுத்தியபோது வெடிக்கவில்லை. ஆனாலும் துப்பாக்கி முனை கீழே குனிந்தது. என் கண்களும் மூடியிருந்தன.

"இப்ப எந்தக் காத்து இழுத்ததடி?" ஆரணி சிரித்தாள். "வெடிக்க முதலே பயந்து சாகிறாய்."

"ஓம்," என்றேன். முகம் சுட்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டபோதும் நான் வேறு யாரையோதான் குறை சொன்னேன்.

இப்போது வீட்டில், இந்தப் பேனையின் மேற்பொத்தானைத் துப்பாக்கி விசையாக நினைத்து, இமைக்காமல் அழுத்திப் பழகுகிறேன். தொடர்ந்து பத்துத் தடவை வர வேண்டும். ஒன்பது வந்துவிட்டது.

"பிள்ளை, என்ன அங்கை டக்கு டக்கெண்டு?" அப்பா அடுத்த அறையிலிருந்து கேட்டார்.

திடுக்கிட்டு இமைத்துவிட்டேன். மறுபடி ஒன்றிலிருந்து.