முப்பத்தோராம் ஒட்டு நோட்டு

மார்ச் 2

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். அண்ணன் வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருக்கும் என்று நினைத்தேன். அதிலும் ஓர் அகராதி உட்கார்ந்திருந்தது. எழுப்பிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன் இல்லை. மணி அடித்தால் படிக்கிற வரி தவறிவிடுகிறது என்று அண்ணனே ஒயரைப் பிடுங்கிவிட்டாராம்.

அபூர்வப் புத்தகங்களையெல்லாம் நூலகத்தார் போன மாதமே வேனில் ஏற்றிப் போய்விட்டார்கள். சொந்தக் காகிதங்கள் மட்டும் பாக்கி. அவற்றைத் தம்பிதான் பட்டியல் போட்டு ஒப்படைக்க வேண்டும் என்று அண்ணனின் உயிலில் இருக்கிறது. “ரெண்டு வார வேலை சார். முப்பது வருஷம் அச்சாபீஸ்ல ப்ரூஃப் பாத்தவருக்கு இதெல்லாம் தூசு” என்றார் வக்கீல். என்னை யாராவது புகழ்ந்தால் அன்றைக்கு வீடு திரும்பத் தாமதமாகும் என்பது உனக்குத் தெரியும்.

முப்பத்தொரு ஒட்டு நோட்டுகள் இருக்கின்றன. யாரிடம் பழைய நூல் இருந்ததோ, அவருக்கு அண்ணன் வருடக்கணக்கில் கடிதம் எழுதியிருக்கிறார். வந்த பதிலையெல்லாம் தேதி வாரியாக நோட்டில் வைத்திருக்கிறார். நான்கு காகித மூலைகளைப் பக்கத்தில் ஒட்டி, கடிதத்தை அதில் செருகி, கீழே சிவப்பு மையில் ஒரு வரி. ஒவ்வொருவர் கதையும் பத்திரிகையில் வந்த மரண அறிவிப்போடு முடிகிறது. புத்தகத்தைவிட அவர்கள் சாகும்வரை எழுதிய கடிதங்களில்தான் அண்ணனுக்கு ருசி அதிகம் போலிருக்கிறது.

பதினெட்டாம் தேதி உன் கண் ஆபரேஷன். பதினேழே வந்துவிடுவேன்.

உன் அன்புக் கணவன்

மார்ச் 6

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நாற்காலியை இழந்த அகராதிக்கு என் அனுதாபங்கள்.

உங்கள் அண்ணனைப் பற்றி எனக்குப் புதிதாக ஒன்றும் தெரிய வேண்டாம். நம் கல்யாணத்துக்கு வராமல், “அழைப்பிதழ் இரண்டு பிரதி அனுப்பவும், மடிக்காமல்” என்று எழுதியவர்தானே. எனக்குப் பதிலாகத் தபால்காரரை மணந்திருந்தால் நீங்கள் இன்னும் அருமையான தம்பியாக இருந்திருப்பீர்கள்.

டாக்டரைப் பார்த்தேன். “கூட யாரும்மா வர்றா?” என்றார். வீட்டுக்காரர் வருவார் என்றேன். “வர்றேன்னு சொல்றவங்க வேண்டாம், வர்றவங்க வேணும். கையெழுத்துப் போடணும்ல” என்றார். உங்களை எப்போதோ பார்த்தவர் போலப் பேசினார். என் தங்கை, தான் வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எனக்குப் பயமெல்லாம் ஒன்றுமில்லை. இருந்தாலும் நேரத்துக்கு வாருங்கள்.

வழக்கம்போல் எழுத்துப் பிழை எண்ணுவீர்கள். எண்ணிக்கொள்ளுங்கள். இடது கண் எழுதியது பாதி.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இன்னும் இருப்பவள்

மார்ச் 9

அன்புள்ளவளே,

பிழை இரண்டுதான். உன்னை வைத்துப் பார்த்தால் இது சாதனை.

கடைசி நோட்டு நம்மைப் பற்றியது. முதல் பக்கத்தில் கல்யாண அழைப்பிதழ், இரண்டு பிரதி. பிறகு நான் அண்ணனுக்கு எழுதிய கடிதங்கள். அப்புறம் அண்ணனுடைய மரண அறிவிப்பு, ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டியது. வக்கீலிடம் கேட்டேன். “நான் ஒட்டல சார். சாவியே உங்ககிட்டதான் இருக்கு” என்றார்.

இதை நகைச்சுவையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் கடிதத்தைப் படித்து மேசையில் வைத்துவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தால் அது நோட்டின் அடுத்த பக்கத்தில், நான்கு மூலைக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. கீழே சிவப்பு மை: “இரண்டு பக்கம். கிண்டல். பயத்தை மறைத்திருக்கிறாள்.” தொட்டுப் பார்த்தேன். மை நன்றாகக் காய்ந்திருந்தது.

நானேதான் செருகியிருப்பேன். வயசாகிறது. ஆனால் பசை வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரர், “முந்தாநாள்தானே சார் ரெண்டு டப்பா வாங்கிட்டுப் போனீங்க?” என்கிறார். அது என் அண்ணனாக இருக்கும், இரண்டு பேருக்கும் ஒரே ஜாடை என்று சொன்னேன். “அவரு தவறிட்டாரே சார்” என்றார். அதற்கப்புறம் இருவரும் கொஞ்ச நேரம் பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த பக்கத்திலும் மூலைகள் ஒட்டியாகிவிட்டது. அளவு சின்னது. கீழே ஏதோ எழுதியும் இருக்கிறது. என்ன என்று சொல்லமாட்டேன்.

உன் கணவன்

மார்ச் 12

கவர் தேடப் பொறுமையில்லை, அதனால் கார்டு. பட்டியல் போதும், பெட்டியைக் கட்டுங்கள். பசை வாங்கும் ஆளை அவர் போக்கில் விடுங்கள். எனக்கு வேண்டிய ஆள் பதினேழாம் தேதி இங்கே இருக்க வேண்டும்.

மனைவி

மார்ச் 14

அன்புடையாய்,

கார்டு பொருந்தியது. நூல் பிடித்தாற்போல் பொருந்தியது. “கார்டு. கோபம்” என்று கீழே எழுதியிருந்ததை நான் ஒன்பதாம் தேதியே பார்த்துவிட்டேன்.

வலது மூலையை மடக்கிவிட்டாய். இனிமேல் அட்டை வைத்து அனுப்பு. பென்சிலால் முகவரி எழுதாதே, அழிந்துபோகும். திட்டுவது உன் விருப்பம், ஆனால் ஓரத்தில் ஒரு விரற்கடை இடம் விட்டுத் திட்டு.

ரயிலுக்குச் சீட்டு எடுத்தேன். ஸ்டேஷன் வாசல்வரை போகவும் செய்தேன். ஆனால் ஒரு பக்கம் காலியாக இருக்கிறதே. மூலைகள் ஒட்டியாகிவிட்டது, முழுத்தாள், ஒன்று. அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு நோட்டை எப்படி மூடுவது? கீழே உள்ள சிவப்பு வரியைக் கையால் மறைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இந்தக் கையெழுத்து உனக்குப் பழக்கமில்லாததாகத் தெரிந்தால், அதற்கு இடது கையால் எழுதுவதுதான் காரணம்.

எழுது. சீக்கிரம் எழுது.

மார்ச் 16

என்னங்க,

இப்படி நேரில் கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். எழுதிப் பார்த்தால் விநோதமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தைத் தங்கையிடம் காட்டினேன். “அக்கா, நேர்ல போய்க் கையைப் புடிச்சு இழுத்துட்டு வா. இதுல என்ன யோசனை?” என்றாள். பையை எடுத்தும் வைத்தேன். வாசலில் நின்று யோசித்தேன். என் ரயில் சீட்டு அளவுக்கும் அங்கே ஒரு பக்கம் இருந்தால்?

உங்கள் அண்ணனுக்கு வேண்டியது நானும் இல்லை, நீங்களும் இல்லை. நாம் எழுதும் காகிதம். நான் எழுத எழுத நீங்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பீர்கள் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. ஆகவே இதுதான் கடைசி. இனி அந்த வீட்டுக்கு என்னிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டும் வராது. கொஞ்சுவதோ சண்டையோ, எதுவானாலும் வாயால்தான்.

பதினெட்டாம் தேதி காலை எட்டு மணி. பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காராதபடி என் பையை வைத்திருப்பேன். கூப்பிடும்வரை எடுக்கமாட்டேன். கூப்பிட்ட பிறகும் நீங்கள் வரவில்லை என்றால் தங்கை கையெழுத்துப் போடுவாள். அதற்கு அப்புறம் வந்தால் விருந்தாளியாக வாருங்கள். காபி உண்டு. அவ்வளவுதான்.

முப்பத்து நான்கு வருடமாக இதை உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் எண்ணுவதற்கென்றே சில பிழைகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

உங்கள்
நான்

மார்ச் 21

அம்மையீர்,

தங்கள் 16ஆம் தேதிக் கடிதம் பழுதின்றி வந்து சேர்ந்தது. நன்றி.

இந்த இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். நிறுத்தத் தெரியாமல் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நாமும் அவர்கள் சாகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. முடியாத தொடரைத் தொகுப்பு என்று சொல்வதற்கில்லை. தாங்களோ உயிரோடு இருக்கும்போதே, தங்கள் கையாலேயே, மூன்றே கடிதங்களில் முடித்துக் கொடுத்துவிட்டீர்கள். முப்பத்தொரு நோட்டுகளில் இப்படிப்பட்டது இது ஒன்றுதான். கீழே முன்பே எழுதியிருந்த வரி: “கடைசி. அழகு.”

நூலகத்துக்கான பட்டியலில் இவ்வாறு சேர்த்திருக்கிறேன்: மனைவி கணவனுக்கு எழுதியவை. கடிதம் இரண்டு, கார்டு ஒன்று. முழுமையானது. கடைசிக் கடிதத்தில் நாற்காலி பற்றிய வரிக்கு அருகே ஈரம் பட்டு மை கரைந்திருக்கிறது. குறையாகக் கருதவில்லை.

முப்பத்திரண்டாம் நோட்டைத் தொடங்கியிருக்கிறேன். தங்கள் தங்கைக்கு இன்று கடிதம் எழுதியிருக்கிறேன். அக்காவின் உடல்நிலை பற்றி விசாரித்திருப்பதால் மரியாதைக்காவது பதில் போடுவார். ஒரு தாள், நீல மை.

இங்ஙனம்,
தொகுப்பாளர்

பி.கு.: கண் எப்படி இருக்கிறது? பதில் எழுதாதே. தங்கையையும் எழுத விடாதே.