இங்க எல்லாம் இருக்கு

நாரேயின் அப்பாவுக்கு,

வீடு மாற்ற, அறைக்கு ஒரு நிறமாகப் பட்டை ஒட்டிப் பெட்டிகளைக் கட்டி முடித்துவிட்டேன். எங்களுக்கு முன்பே பூசானுக்குப் போன நீங்களோ தினமும் போனில், "குக்கர் வேணாம், திரைச்சீலை வேணாம், இங்க எல்லாம் இருக்கு" என்கிறீர்கள். தனியாக இருக்கும் ஆணுக்குத் திரைச்சீலை மாட்டத் தோன்றியதே என்று வியந்தேன்.

இன்று காலை லாரிக்காரர் வழி கேட்க பூசான் வீட்டுத் தொலைபேசிக்குப் பேசினார். ஒரு பெண் எடுத்து, "கிம்ச்சி ஃப்ரிட்ஜை ஏத்தாதீங்கண்ணே, எங்ககிட்ட ஒண்ணு இருக்கு" என்றாளாம்.

"உங்க தங்கச்சியா, அக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா" என்றேன்.

உங்கள் துணிமணிகள் மாலைக்குள் அங்கே வந்துவிடும். மற்ற பெட்டிகளை ஜொஞ்சு ஊரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு ஏற்றிவிட்டேன். நாங்களும் அங்கேதான் போகிறோம்.

நாரே இன்னும் பூசான் கடலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா