அன்று காலை அவர் எங்கள் வீட்டில் இருந்தார்

கொட்டாஞ்சேனை
04.03.2024

அன்புள்ள பைறோஸாவுக்கு,

மாக்ரெட் எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரர் மக்கீன் நானாவும் மகன் ரிம்ஸானும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன். இருபது வருடம் பக்கத்து வீட்டில் இருந்துவிட்டு, வத்தளைக்குப் போனதும் ஒரு எட்டு வந்து பார்க்கக்கூடாதா என்று உன்னைக் கோபித்துக்கொள்ளத்தான் ஆசை. அந்த உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன்.

2019 உயிர்த்த ஞாயிறு காலை கோயிலில் குண்டு வெடித்தபோது நானா எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டர் பூட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும், பூசைக்குப் போயிருந்த என் வின்சன்றைத் தேடி ஓடியவரும் அவர்தான். அங்கே வைத்துத்தான் பொலிஸார் அவரைச் சந்தேகத்தில் பிடித்தார்கள். அன்று காலை அவர் எங்கள் வீட்டில் இருந்தார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செத்த வீட்டில் வின்சன்றின் தம்பி கிளைவ், "அண்ணனக் கொன்னவங்களுக்குச் சாட்சியா போகப் போறீங்களா அண்ணி?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டேன். நானா பதினான்கு மாதம் உள்ளே இருந்தார்.

இந்தத் தவக்காலப் பாவசங்கீர்த்தனத்தில்தான் சொன்னேன். "முதல்ல அந்த வீட்டுக்குப் போங்க" என்றார் பாதர். ஐந்து வருடமாக நான் நற்கருணை வாங்கவில்லை. நேரில் வந்து நானாவிடம் மன்னிப்புக் கேட்கட்டுமா?

உன் மாக்ரெட்

வத்தளை
15.03.2024

அன்பின் மாக்ரெட்,

அவர் மௌத்தாகி எட்டு மாதம் ஆகிறது. அடக்கத்துக்கு உனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

உள்ளே அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம், "மாக்ரெட் தங்கச்சி உண்மையச் செல்லுவா, பயப்படாதே" என்பார். உன்னிடம் வந்து கெஞ்சுகிறேன் என்றேன். "புருஷன அடக்கின வீட்டுக்குப் போய் எனக்காக அழாதே. அவவாகவே வருவா" என்று தடுத்துவிட்டார். வெளியே வந்த பிறகு அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்தத் தெருவில் நடக்க முடியாமல்தான் இங்கே வந்தோம்.

எங்களில், மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். கடைசி நாட்களில் எல்லோரையும் பேர் சொல்லி மன்னித்தார். உள்ளே அடித்தவரையும் மன்னித்தார். "மாக்ரெட்ட?" என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் கொடுக்காததை நான் எப்படிக் கொடுப்பேன்? உன்னை வெறுக்கவும் எனக்கு வரவில்லை, அதுதான் பெரிய கொடுமை. ரிம்ஸானுக்கு வெளிநாட்டில் வேலை வந்திருக்கிறது. வாப்பாவின் வழக்கால் பொலிஸ் அறிக்கை கிடைக்காமல் அலைகிறான். சொல்ல வேண்டியதை இப்போதாவது எழுதிக் கொடு.

பைறோஸா

கொட்டாஞ்சேனை
26.03.2024

பைறோஸா,

வெள்ளிக்கிழமை சட்டத்தரணி பாலேஸ்வரி முன்னால் சத்தியக்கடதாசி கொடுத்தேன். பிரதி இத்துடன் இருக்கிறது. ரிம்ஸான் எங்கே கூப்பிட்டாலும் நான் வந்து சொல்வேன்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் பாதரைக் கேட்டு, சனங்களுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் அழுதார்கள், சிலர் எழும்பிப் போனார்கள். "இனி எங்கட வாசல் மிதிக்க வேணாம்" என்றார் கிளைவ். சரி என்றேன். பாதர் நற்கருணை தந்தார். வாங்கினேன். தனியாக வீட்டுக்கு நடந்தேன்.

மன்னிப்புக் கேட்டு இனி உனக்கு எழுதமாட்டேன். நானாவை எந்த மையவாடியில் அடக்கினீர்கள் என்று மட்டும் ஒரு வரி போடு. உள்ளே வரமாட்டேன். மதிலுக்கு வெளியே நின்று, அவர் பதினான்கு மாதம் காத்திருந்த அந்த ஒரு வார்த்தையை அவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

மாக்ரெட்