முதலாளி தூக்கிக் காட்டிய சீட்டு

ஹார்லன்வில், இண்டியானா
நவம்பர் 21, 1892

அன்பு மகள் அல்மீடாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கறவை மாடும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் குளிர் வந்ததும் வழக்கம்போல் முனக ஆரம்பித்துவிட்டது. நீயும் மாப்பிள்ளை டார்சியும் குட்டி எஃபியும் அந்த வயோமிங் காற்றில் பறந்து போகாமல் நல்லபடியாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. எஃபியை இடுப்பில் வைத்துக்கொண்டே போய் ஓட்டுப் போட்டாய் என்று படித்ததும் அதையே இன்னொரு தடவை சத்தமாகப் படித்தேன், கேட்பதற்கு மாட்டைத் தவிர யாரும் இல்லை. என் வயிற்றில் பிறந்தவள் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறாள், பெற்றவள் நான் தேர்தலன்று சர்ச் பெண்களோடு நின்று சூப் விற்கிறேன். உங்கள் வயோமிங்கில் பெண்களுக்கும் ஓட்டு உண்டு, இங்கே இல்லை, பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் சூப் விற்றதால்தான் இந்த ஊர் நூறு வருஷம் பேசப்போகிற கூத்தை நேரிலேயே பார்த்தேன். நீ இங்கே இருந்தபோது எப்படி என்று உனக்குத் தெரியும். கட்சிக்காரர்களே சீட்டு அச்சடிப்பார்கள், உன் அப்பா வேலை பார்க்கும் வண்டித் தொழிற்சாலை வாசலில் முதலாளி ஹாஸ்கெட் நின்று ஒவ்வொருவன் கையிலும் குடியரசுக் கட்சியின் கழுகு போட்ட சீட்டைத் திணிப்பார், எல்லோரும் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வரிசையாகப் போய்ப் பெட்டியில் போட வேண்டும். வரிசைக்கு முன்னால் முதலாளியும் தன் சீட்டைத் தூக்கிக்கொண்டுதான் நடப்பார். வழியில் எவன் கையாவது இறங்கினால் சீட்டை மாற்றிவிட்டான் என்று அர்த்தம். போன ஜனாதிபதித் தேர்தலில் டாலிவர் கையை இறக்கினான், அந்த வாரமே வேலை போய்க் குடும்பத்தோடு ஊரை விட்டே போனான், அது உனக்கும் நினைவிருக்கும். நீ போன பிறகு நம் மாநிலத்தில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. எல்லாக் கட்சியையும் ஒரே சீட்டில் அரசாங்கமே அச்சடித்துத் தருகிறது, திரைக்குள் தனியாகப் போய்ச் ஜனநாயகக் கட்சியின் சேவலுக்கோ கழுகுக்கோ முத்திரை குத்தி, மடித்துக்கொண்டு வந்து பெட்டியில் போட வேண்டும். இரண்டு வருஷம் முன்பு உள்ளூர்த் தேர்தலில் ஒரு தடவை அப்படி நடந்தது, அப்போது முதலாளி சிகாகோவில் இருந்ததால் யாரையும் கண்டுகொள்ளவில்லை.

இந்தத் தடவை ஆட்களைக் கூட்டி வைத்து, "திரைங்கிறது வெறும் துணிதான்டா, எவன் சேவலுக்குக் குத்தினாலும் சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சிடும், மறுநாள் அவன் கேட்டுக்குள்ள வர வேண்டாம்" என்றாராம். அதோடு திரையில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள், சீட்டின் பின்னால் ரகசியக் குறி இருக்கிறது என்று ஆளுக்கொரு புரளி. உன் அப்பா காப்பியைக் கலக்கிக் கலக்கியே ஆற வைத்தார். இந்த வயதில், இந்த முழங்காலோடு வேறு எவன் வேலை கொடுப்பான் என்ற பயம் அவருக்கு மட்டுமல்ல, எனக்கும்தான். "கழுகுக்கே குத்திட்டு வந்துடுங்க, எதுக்கு வம்பு" என்று சொன்னேன். அதற்கு அவர், "இதுவரைக்கும் நான் ஓட்டே போட்டதில்ல ஹெப்சி, அவரோட ஓட்டைச் சுமந்துட்டுத்தான் போயிருக்கேன்" என்றார்.

தேர்தலன்று குதிரை லாயத்தில் பெட்டி வைத்திருந்தார்கள், எதிர்ப்பக்கம் எங்கள் சூப் மேஜை, லாயத்தின் பெரிய கதவு திறந்திருந்ததால் உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்தது. வழக்கம்போல் முதல் ஆளாக முதலாளி திரைக்குள் போனார். வெளியே வந்தவர், இத்தனை வருஷப் பழக்கம் விடுமா, சீட்டை அகல விரித்துத் தலைக்கு மேலே தூக்கி, கயிற்றுக்கு அப்பால் நின்ற ஆட்களுக்குத் திரும்பித் திரும்பிக் காட்டினார். பெட்டிக்குப் பொறுப்பாக இருந்தவர் சேணம் தைக்கிற கெட்ரிஜ், குரல் உயர்த்தியே பேசாத மனுஷன். "அதைப் பெட்டியில போட முடியாதுங்க, காட்டின சீட்டு செல்லாதுங்க, சட்டம்" என்றார். "யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா" என்று முதலாளி கத்தினார். "தெரியுதுங்க, அதனாலதான் மெதுவா சொல்றேன்" என்றார் கெட்ரிஜ். முதலாளி வேறு சீட்டுக் கேட்டார், அதற்கும் சட்டத்தில் இடமில்லையாம். ஊருக்கே ஓட்டுச் சொல்லிக் கொடுத்தவருக்கு ஓட்டு இல்லை. முகம் வேகவைத்த பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. முதலில் யாரும் சிரிக்கவில்லை, பிறகு எவனோ ஒருவன் அடக்க முடியாமல் இருமினான், அவ்வளவுதான், வரிசை முழுக்கச் சிரித்தது. உன் அப்பாவின் சிரிப்பு தெருவைத் தாண்டி எனக்குத் தனியாகக் கேட்டது. முதலாளியையே பிடிக்கிற சட்டம் என்றால் அந்தத் திரை நிஜத் திரைதான் என்று அப்போதுதான் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது.

உன் அப்பா முறை வந்ததும் உள்ளே போனார். திரைக்குக் கீழே பூட்ஸ் மட்டும் தெரிந்தது, வெகுநேரம் அசையவே இல்லை, நான் பார்த்துக்கொண்டே ஊற்றியதில் கெட்ரிஜ் மனைவியின் மேஜைத் துணி முழுக்கச் சூப். பிறகு சீட்டைச் சின்னதாக மடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வந்து பெட்டியில் போட்டார். சேவல் கட்சி கிளீவ்லண்ட் ஜெயித்த சேதி உனக்கும் வந்திருக்கும், கழுகுக் கட்சி ஜனாதிபதி, நம் இண்டியானாக்காரர் ஹாரிசன் சொந்த மாநிலத்திலேயே தோற்றார், தொழிற்சாலை ஆட்கள் போட்ட பெட்டியிலும் சேவல்தான் முன்னால். மறுநாள் காலை முதலாளி கேட்டில் நின்று ஒவ்வொருவனையும் நிறுத்திக் கேட்டாராம். ஒவ்வொருவனும் தொப்பியைக் கழற்றி, "கழுகுக்குத்தான் முதலாளி" என்றானாம். எல்லோரையும் துரத்தினால் வசந்தகால வண்டிகளை யார் செய்வது, கடைசியில் குதிரையைத் திட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். முடிவெட்டுகிற லெவனோடு கட்டிய தேர்தல் பந்தயத்தில் தோற்றதற்காக, அந்தச் சனிக்கிழமை முதலாளியே அவனைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துப் பெரிய தெரு முழுக்கத் தள்ளினார், முணுமுணுக்காமல் தள்ளினார், அதில் மனுஷன் நேர்மை என்று சொல்ல வேண்டும்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். யாருக்குக் குத்தினார் என்று உன் அப்பா எனக்கும் சொல்ல மாட்டாராம். எந்தப் பல் வலிக்கிறது என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும், இதைச் சொன்னால் என்னவாம். ஆப்பிள் பை வைத்துக் கேட்டேன், "திரைக்குள்ள நடந்தது திரையோட போச்சு, இன்னொரு துண்டு வை" என்கிறார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அப்புறம் ஒரு காலையில் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பழைய மாதிரி குனிந்து நிற்கவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளியும் பார்க்காத, நானும் பார்க்காத ஒன்று அவரிடம் இருக்கிறது, இருக்கட்டும், இனிமேல் கேட்க மாட்டேன். நீ யாருக்குப் போட்டாய் என்று எழுதியிருந்த பக்கத்தை அடுப்பில் போட்டுவிட்டேன், அப்பாவுக்குத் தெரியாது. அடுத்த தடவை எனக்கும் எழுதாதே, மாப்பிள்ளை எவ்வளவு நல்லவரானாலும் அவரிடமும் சொல்லாதே.

எஃபிக்கு இரவில் நெஞ்சில் வாத்துக் கொழுப்பு தடவி ஃபிளானல் துணி சுற்று, மாப்பிள்ளை ஈர பூட்ஸோடு அடுப்படியில் உட்கார்ந்தால் எழுப்பிவிடு. உங்கள் மூவருக்கும் ஆண்டவர் துணை, அப்பாவின் ஆசியும் என் முத்தங்களும். ஒன்றே ஒன்று மறக்காமல் எழுது, உள்ளே எப்படி இருந்தது, மேஜை என்ன உயரம், வெளிச்சம் இருந்ததா, பென்சிலா முத்திரையா, சீட்டை எப்படி மடிக்க வேண்டும். என் முறை வரும்போது நான் தடுமாறக் கூடாது. யாருக்குக் குத்தினேன் என்று உன் அப்பா கேட்கட்டும், ஆப்பிள் பை வைத்தே கேட்கட்டும், சொல்ல மாட்டேன்.

உன் அன்பு அம்மா,
ஹெப்சி கிரேபில்